மறுகரைப் பலகை

வட்டம் மூச்சை நிறுத்தப்போகிற கட்டத்தில்தான் அதன் முதலாளி நல்லமுத்துவுக்கு விளையாட்டு யோசனை வந்தது.

வட்டம் என்பது தமிழில் மட்டும் நடந்துவந்த ஒரு சமூக வலைத்தளம். கோயம்புத்தூர் ராம்நகரில், ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேல் மாடியில் அதன் அலுவலகம் இருந்தது. ஒரு காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் அங்கே கவிதை எழுதினார்கள், கட்சிச் சண்டை போட்டார்கள், பிறந்த குழந்தைக்குப் பெயர் கேட்டார்கள். பிறகு எங்கே பார்த்தாலும் மெஷின் எழுதிய பதிவுகள் நிறைந்துவிட்டன. இரங்கல் செய்தியைக்கூட மெஷின் எழுதியது. எதிரில் இருப்பது ஆளா மெஷினா என்று தெரியாமல் போனதும் ஜனங்களுக்குப் பேசுவதே அலுத்துவிட்டது. பெரிய தளங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. வட்டம் போன்ற சின்னத் தளங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

"பேசத்தான் புடிக்கலை. கூட ஒரு ஆள் வேணும்ங்கற ஆசை போயிருச்சா என்ன?" என்றார் நல்லமுத்து. அப்படி வந்ததுதான் 'பாலம்'.

விளையாட்டு மிகவும் எளிது. திரையில் ஓர் ஆறு. இந்தக் கரையில் நீங்கள், அந்தக் கரையில் பெயர் தெரியாத ஒருவர். இருவரும் ஆளுக்கொரு பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மறுகரைப் பலகை அந்தரத்தில் ஆடுவது உங்களுக்குத் தெரியும். அது எப்போது இறங்கும் என்று ஊகித்து, அதே நொடியில் உங்களுடையதையும் இறக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் பாலம் சரிந்துவிடும். பேச முடியாது, எழுத முடியாது. அவ்வளவுதான். ஆனால் ஜனங்கள் பஸ்ஸில், கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் பலகை வைத்துக்கொண்டிருந்தார்கள். இடையிடையே விளம்பரம் ஓடியது. வட்டம் பிழைத்துக்கொண்டது.

இதில் வேலையில்லாமல் போனது சுகிர்தாவுக்குத்தான். அவள் புகார்ப் பிரிவு. ஆபாசம், மிரட்டல், சாதித் திட்டு என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான புகார்களைப் பார்த்தவள். இப்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதால் யாரும் யாரையும் திட்டுவதும் இல்லை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் புகார் வந்தபோது, அதை அவள் ஆசையாகவே திறந்தாள்.

"என் கூடப் பாலம் கட்டுபவர் என் வீட்டுக்காரர். நான் அவரை விட்டு வந்து எட்டு வருடம் ஆகிறது. அவருக்கு என்னைத் தெரியுமா என்று மட்டும் சொல்லவும்."

கீழே ஒரு கைபேசி எண் இருந்தது. சுகிர்தாவுக்கு ஒரு குணம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் அவளால் போக முடியாது. இந்த வேலைக்கு அவள் வந்ததே அதனால்தான் என்று அவளுடைய கணவன் கேலி செய்வான். அவள் எண்ணை அழுத்தினாள்.

"நாந்தானுங்க எழுதுனது. வசந்தாமணி," என்றது ஒரு பெண்குரல். பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது. "பேக்கரியில நிக்கறனுங்க. மெதுவாத்தான் பேச முடியும்."

"அக்கா, பாலத்துல பேரே வராதே. அவருதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பலகையைத் தூக்குனா ரெண்டு தடவை சும்மா ஆட்டுவாரு. மூணாவது ஆட்டத்துல எறக்குவாரு. வண்டியை உதைக்கறதும் அப்பிடித்தான், சட்டையை உதர்றதும் அப்பிடித்தான். ரெண்டு சும்மா, மூணாவது நெசம்." வசந்தாமணி குரலை இன்னும் தாழ்த்தினாள். "அடிக்கறதும் அப்பிடித்தானுங்க. ரெண்டு தடவை கையை ஓங்குவாரு."

சுகிர்தா அவளுடைய கணக்கைத் திறந்து பார்த்தாள். மறுகரையில் இருந்த கணக்கு, கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் மயில்சாமி என்பவருடையது. வசந்தாமணி எட்டு வருடத்துக்கு முன்பே அந்தக் கணக்கைத் தடுத்து வைத்திருந்தாள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பாலத்துக்கு அந்தத் தடுப்பெல்லாம் கிடையாது. அதை யாரும் யோசிக்கவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க அக்கா. இப்பவே பிரிச்சு விட்டர்றேன்."

"ஐயோ வேண்டாமுங்க, அம்மிணி!" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "ஆறு மாசமா ஆடிட்டிருக்கறோம். ஆரம்பத்துல எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்சப்பறமும் நிறுத்த மனசு வரலை. ஏன்னா அந்த மனுசன் காத்திருக்காருங்க. கடையில ஆள் வந்துட்டா நான் பாதியில எந்திரிச்சுப் போயிருவேன். டீ ஆத்திக் குடுத்துட்டு வந்து பாத்தா, பலகையைத் தூக்கிப் புடிச்சிட்டு அப்பிடியே நிக்கறாரு. பன்னண்டு வருசம் ஒரே வூட்டுல இருந்தப்ப எனக்காக ஒரு நாளும் நின்னதில்லைங்க. அக்கட்ட இருக்கறது நாந்தான்னு தெரிஞ்சு நிக்கறாருன்னா, மனுசன் மாறிட்டாருன்னு அர்த்தம். தெரியாம நிக்கறாருன்னா, யாரோ ஒரு வேத்தாளுக்குக் குடுக்கறதை எனக்குக் குடுக்க மனசு வரலைன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

"திரும்பிப் போயிரலாமான்னு ஒரு நெனப்பு வருதுங்க," என்றாள் வசந்தாமணி. "அதான் கேக்கறேன்."

சுகிர்தா போனை வைத்துவிட்டு நேராக நவ்ஷாத்தின் மேஜைக்குப் போனாள். பாலத்தில் யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதியவன் அவன்தான். அதற்குச் 'சோடிப்பான்' என்று பெயர் வைத்திருந்தான்.

"தடுத்து வெச்ச ஆளையே கொண்டுவந்து சேத்து விட்டிருக்கு உன் சோடிப்பான். அதுக்கு எப்படித் தெரியும் ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டின்னு?"

"அதுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா," என்றான் நவ்ஷாத். "பேர், ஊர், வயசு எதையும் நான் அதுகிட்டக் குடுக்கலை. ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருக்கேன். பாலம் நீளமாப் போகணும். யார் விரல் எப்போ அசையுது, எங்க தயங்குதுன்னு மட்டும் பாக்கும். ஒத்துப்போற ரெண்டு விரலைத் தேடிச் சேர்க்கும். ஒரு தடவை ஒத்துப்போயிட்டா அந்தச் சோடியை மாத்தாது."

"இவ்வளவு பேருல சரியா அவரையா?"

நவ்ஷாத் யோசித்தான். அவனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. நீளமான பாலங்கள் கட்டும் சோடிகளை வரிசைப்படுத்தி, பழைய தடுப்பு, புகார்ப் பதிவுகளோடு ஒப்பிட்டான். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட சோடிகளில், ஒருவர் மற்றவரை எப்போதோ தடுத்து வைத்திருந்தார். கேஸ் போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி. கூட்டுத்தொழில் உடைந்த இரண்டு நண்பர்கள். மாமியாரும் மருமகளும். அத்தனை பேரும் மாதக்கணக்காக, யாரோடு என்று தெரியாமல், ஒருவருக்கொருவர் பலகை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரிய தளமா இருந்தா இது நடக்காதுக்கா," என்றான் நவ்ஷாத் மெதுவாக. "கோடிப் பேருல யாரோ ஒரு வேத்தாள்தான் மாட்டுவாங்க. நம்மளது சின்னது. ஒருத்தர் கூப்பிட்டு இன்னொருத்தர் வந்த இடம். சண்டை போட்ட ரெண்டு பேரும் இங்கயேதான் கெடக்கறாங்க. கூட இருந்து பழகின கை, இல்லையா? மனசு மறந்தாலும் விரல் மறக்கலை. அன்பு எங்கயோ ஒட்டிக்கிட்டு இருக்குது."

நவ்ஷாத்துக்குப் போன மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. சுகிர்தாவுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

நல்லமுத்துவிடம் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"பிரிஞ்சவங்களைச் சேத்து வெக்கற பாலம்!" என்றார். "இதை விடப் பெரிய விளம்பரம் வேணுமா? பொங்கலுக்கு ஒரு பொத்தான் போடறோம். 'மறுகரையில் யார்?' அமுக்குனாப் பேரு, படம், ஊரு எல்லாம் வரோணும். சந்தாக் கட்டறவங்களுக்கு மட்டும்."

"சார், அந்தம்மா எந்த ஊர்ல இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் ஓடி வந்திருக்காங்க," என்றாள் சுகிர்தா.

"அந்தம்மாவே யாருன்னு தெரிஞ்சுக்கத்தானே துடிக்கறாங்க? அவரும் துடிக்கறாரோ என்னமோ. நாம யாரு நடுவுல நிக்கறதுக்கு?"

"அப்போ தடுத்து வெச்சவங்களை மட்டுமாவது சேர்க்காம விட்டர்லாம் சார்."

நல்லமுத்து மறுபடி உட்கார்ந்தார். கெட்டவர் அல்ல. போன வருடம் எல்லாத் தளங்களும் ஆட்களை வேலையை விட்டு அனுப்பியபோது, அவர் தன் காரை விற்றாரே தவிர ஒருவரையும் அனுப்பவில்லை. "அவங்களை எடுத்துட்டா நீளமான பாலத்துல பாதி போயிரும், சுகிர்தா. அதோட நாமளும் போயிருவோம். உனக்குத் தெரியாததா? ஒண்ணு பண்ணு. அந்த ஆளுகிட்டப் பேசு. கெட்டது நடக்கும்னு உனக்குப் பட்டா வந்து சொல்லு, பொத்தான் வேண்டாம். வெறும் பயத்தை வெச்சு என்கிட்ட வராதே."

மயில்சாமியை மட்டும் கூப்பிட்டால் சந்தேகம் வரும். அதனால் சுகிர்தா கருத்துக் கேட்பு என்ற பெயரில் பாலம் ஆடும் ஏழெட்டுப் பேரை வரிசையாக அழைத்தாள். ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு கல்லூரிப் பெண், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். மயில்சாமியின் எண் வந்தபோது ஒரு முரட்டுக் குரலை எதிர்பார்த்திருந்தாள்.

"சொல்லுங்க தங்கச்சி," என்றது ஒரு நிதானமான குரல். "ஒரு நிமிசம், மெஷினை அமத்திட்டு வந்தர்றேன்." லேத்தின் இரைச்சல் மெல்ல அடங்கியது.

"பாலம் எப்படிப் பிடிச்சிருக்குதுங்க?"

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு அதுதான் தொணை. வூட்டுல வேற யாரும் இல்லீங்க."

"உங்க கூட ஆடறவங்களைப் பத்தி என்ன நெனக்கறீங்க? யாரா இருக்கும்னு எப்பவாச்சும் யோசிச்சதுண்டா?"

அவர் சிரித்தார். "தங்கச்சி, என்கிட்டயேவா? அது ஆளே இல்லீங்களே. உங்க கம்ப்யூட்டருதானே?"

சுகிர்தா பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"மனுசக் கை இத்தனை சுத்தமா வராதுங்க. நான் முன்னப் பின்னப் போனாலும் அது சரிக்கட்டிக்குது. நான் எங்க எறக்குவேன்னு எனக்கே தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரியுது. ஒரு தப்பு இல்லை, ஒரு மொணகல் இல்லை. முப்பது வருசமா மெஷினோட இருக்கறவன் நான். எனக்குத் தெரியாதுங்களா?"

"சில நேரம் அந்தப் பக்கத்துல ரொம்ப நேரம் தாமதம் ஆகுது. நீங்க காத்திருக்கீங்க. கோபம் வராதுங்களா?"

"மெஷின்கிட்டக் கோவிச்சு என்னங்க ஆவப்போவுது? லேத்து சூடாச்சுன்னா நிறுத்தி ஆற விடோணும். அதுக்குன்னு ஒரு போக்கு இருக்குது, நாமதான் ஒத்துப் போவோணும். அதுவே மனுசன்னா..." மயில்சாமி கொஞ்சம் யோசித்தார். "மனுசங்களுக்கு வாயி இருக்குது, புத்தி இருக்குது. தெரிஞ்சே பண்ணுவாங்க. அதெப்பிடிங்க பொறுத்துக்கறது?"

நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். வசந்தாமணி கேட்டது இரண்டில் ஒன்று. கிடைத்திருப்பது மூன்றாவது. இதை போனில் சொல்வது சரியில்லை என்று பட்டது சுகிர்தாவுக்கு. வசந்தாமணியிடம் இடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் குளித்தலை வழியாகப் போகும் திருச்சி பஸ் ஏறினாள்.

குளித்தலையில் பஸ் நிலையத்தை ஒட்டியே இருந்தது அந்த பேக்கரி. வசந்தாமணி நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவள். மெலிந்த உடம்பு. சுகிர்தா வாசலில் கால் வைத்ததுமே, யாரென்று கேட்காமல், "அம்மிணி, உள்ள வந்து உக்காருங்க," என்றாள்.

"நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"போன்ல மூச்சு விடாம பேசுனீங்க. படியேறுனதும் அப்பிடித்தான் ஏறுனீங்க," என்று சிரித்தாள். ஒரு ஓர மேஜையில் தேங்காய் பன்னும் டீயும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

சுகிர்தா மென்று விழுங்காமல் சொல்லிவிட்டாள். "அக்கா, அவருக்கு நீங்கன்னு தெரியாது. வேத்தாள்னும் நெனக்கலை. உங்களை மெஷின்னு நெனச்சிட்டிருக்காரு. அதனாலதான் காத்திருக்காரு."

வசந்தாமணி டீத்தம்ளரைப் பார்த்துக் குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து சுகிர்தா கைக்குட்டையைத் தேடினாள். ஆனால் வசந்தாமணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்லாவில் இருந்த முதலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"அங்க இருந்தப்பவும் அப்பிடித்தானுங்க நெனச்சிட்டிருந்தாரு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓடுற வரைக்கும் ஒண்ணுமில்லை. நின்னாத்தான் அடி."

"ஆனா எப்படிக்கா இவ்வளவு சுத்தமா ஆடறீங்க? எங்க ஆபீஸ்ல ஒரு தம்பி, பழகின அன்புதான் விரல்ல ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னு சொல்றான்."

"அன்பா?" வசந்தாமணி அந்த வார்த்தையைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் சொன்னாள். "கை எப்ப எங்க வரும்னு பாத்துப் பாத்து நகந்தவளுங்க நானு. பயந்தவளுக்கு அது தெரியாம இருக்குமா? உங்க பாலத்துல நீளமாக் கட்டறவங்க முக்காவாசிப் பேரைக் கேட்டுப் பாருங்க. ரெண்டுல ஒரு கை பயந்த கையாத்தான் இருக்கும்."

சுகிர்தாவுக்கு அலுவலகத்தில் பார்த்த அந்தப் பட்டியல் கண்முன் வந்தது. அண்ணனும் தம்பியும். மாமியாரும் மருமகளும். கையிலிருந்த பன்னைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

வசந்தாமணி போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். பாலத்தைத் திறந்ததுமே மறுகரைப் பலகை ஆடிக்கொண்டு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு பலகைகளும் ஒன்றாக இறங்கின. அடுத்தது. அதற்கடுத்தது. ஒரே ஆளின் இரண்டு கைகள்போல் அவ்வளவு அழகாக இருந்தது அது. பார்க்கிறவர்களுக்கு நவ்ஷாத் சொன்னதுதான் தோன்றும்.

"மெஷின் தப்புப் பண்ணாதில்லீங்களா?" என்றாள் வசந்தாமணி.

அடுத்த பலகையை அவள் வேண்டுமென்றே பிந்தி இறக்கினாள். பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆற்றில் விழுந்தது.

மறுகரை அசையவில்லை. பிறகு நிதானமாக ஒரு பலகை மேலே எழுந்தது. மன்னித்துவிட்டது போல இருந்தது. வசந்தாமணி நாலைந்து பலகை ஒழுங்காக வைத்தாள். பிறகு மறுபடி தப்பாக வைத்தாள். பாலம் விழுந்தது. இந்தத் தடவை மறுகரைப் பலகை சீக்கிரம் எழுந்தது. மூன்றாம் முறை அவள் பலகையைத் தூக்கி, அவர் எப்போதும் ஆட்டுவதைப்போலவே இரண்டு முறை ஆட்டி, இறக்காமலே நிறுத்திக்கொண்டாள். அவர் பலகை தனியாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

அதன்பிறகு அவர் காத்திருக்கவில்லை. அவள் தூக்குவதற்கு முன்பே பலகை வந்து விழுந்தது. எடுத்ததும் விழுந்தது. ஆட்டமில்லை, இடைவெளியில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, டொம் டொம்மென்று, யாருமில்லாத ஆற்றின்மேல் பலகைகள் வந்து அறைந்தன. போன் ஒவ்வொரு அறைக்கும் மேஜைமேல் அதிர்ந்தது. சுகிர்தா தன்னை அறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வசந்தாமணி நகரவில்லை.

"வந்துட்டாரு," என்றாள் அமைதியாக. "அக்கட்ட இருக்கறது மனுசின்னு தெரிஞ்சுபோச்சு."

சிறிது நேரம் பார்த்துவிட்டு, விளையாட்டை மூடி, போனைக் குப்புறக் கவிழ்த்தாள். ஒரு வாடிக்கையாளர் பப்ஸ் கேட்டார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்து, சில்லறை வாங்கிப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. வெகுநாளாக வீட்டு வாசலில் நின்ற வண்டி ஒன்று கிளம்பிப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தாள்.

"அம்மிணி, எனக்கு ஒரு உதவி பண்ணோணும். என்னை முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தரோட சேத்து விடுங்க. பாலம் சின்னதா இருந்தாலும் பரவால்லைங்க."

சாயங்காலம் அலுவலகம் திரும்பியதும் சுகிர்தா எல்லாவற்றையும் சொன்னாள். நவ்ஷாத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மேஜை அதிர்ந்ததைச் சொன்னபோது நல்லமுத்து தன் போனை எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"பொத்தான் வேண்டாம்," என்றார். கொஞ்சம் கழித்து, "தடுத்து வெச்சவங்களையும் பிரிச்சு விட்டுரு, நவ்ஷாத்," என்றார்.

அவர் சொன்னது போலவே பாலங்கள் குட்டையாயின. பாதிப் பேர் ஆட்டத்தை விட்டார்கள். சோடி மாறியதும், பழைய ஆளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு வந்த புகார்களைப் படிப்பதே சுகிர்தாவுக்கு முழுநேர வேலையானது. ஒவ்வொருவரையும் அவளே கூப்பிட்டுப் பேசினாள். திருப்பிக் கேட்டவர்கள் அநேகமாக எல்லோரும் மறுகரைக்காரர்கள், அதாவது தடுக்கப்பட்டவர்கள். தடுத்து வைத்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மயில்சாமி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அந்த மெஷினுக்கு என்ன ஆச்சு? ரிப்பேர் பார்க்கவும்." அவ்வளவு அறைந்த பிறகும் மெஷின் என்றே எழுதியிருந்தார்.

வட்டம் மாடியில் பாதியைக் காலி செய்துவிட்டு, மீதிப் பாதியில் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது.

மாசி மாதம் ஒருநாள் மத்தியானம் வசந்தாமணி கூப்பிட்டாள். பின்னால் அதே தம்ளர் சத்தம்.

"புது ஆளு எப்படிக்கா?"

"ஐயோ, மகா மோசமுங்க! ஆறு பலகைக்கு மேல ஒரு நாளும் போனதில்லை. அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இன்னைக்கு முழுக்க என் தப்புத்தானுங்க. யோசனை வேற எங்கயோ இருந்துச்சு. நாலு தடவை நானே தள்ளி உட்டுட்டேன், அம்மிணி."

"அவங்க என்ன பண்ணினாங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க," என்றாள் வசந்தாமணி. அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஓர் ஆச்சரியம் இருந்தது. "மறுபடியும் பலகையைத் தூக்குனாங்க. அவ்வளவுதானுங்க."